அப்பாவின் வாயில் எச்சில் இல்லாதபோது

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். 33 நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போனது, கூடவே எச்சிலும் போனது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கதிர் பாய்ந்த பாதையில்தான் இருந்தன.

வாய் உலர்ந்தால் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். எட்டே மாதத்தில் பற்கள் ஈறை ஒட்டிப் பழுப்பாக அரிக்கத் தொடங்கின. ஒருநாள் சாப்பிடும்போது முன்பல் ஒன்று அடியோடு ஒடிந்து கையில் வந்தது. எழுபது வயதுவரை ஒரு பல்கூட ஆடாத மனிதர். ஒடிந்த பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் எச்சிலைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரக்கிறது. சர்க்கரையைத் தின்று பாக்டீரியா விடும் அமிலத்தை அதிலுள்ள பைகார்பனேட் முறிக்கிறது. லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுகிறது. ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள், பல்லிலும் சதையிலும் கிருமி ஒட்டவிடாமல் தடுக்கிறது.

எச்சிலில் உள்ள லைசோசைம் என்ற நொதிதான் என்னை அதிகம் கவர்ந்தது. 1921இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங், சளி பிடித்திருந்தபோது தன் மூக்குச் சளியையே எடுத்துக் கிருமி வளரும் தட்டில் இட்டார். சளியைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்துபோயின. கரைத்தது லைசோசைம். கண்ணீரில் இது இன்னும் அதிகம் என்று தெரிந்ததும், எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து கண்ணீர் சேகரித்தார்கள். அவர் பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு ஏழு வருடம் முந்தைய கதை இது. பாக்டீரியாவின் சுவர் சர்க்கரைச் சங்கிலிகளால் பின்னிய வலை. லைசோசைம் அந்தக் கண்ணிகளை வெட்டிவிடும். உள்ளழுத்தம் தாங்காமல் கிருமி உப்பி வெடித்துவிடும். எல்லாக் கிருமியிடமும் இது பலிக்காது. பலவற்றுக்கு அந்தச் சுவருக்கு மேலே இன்னொரு சவ்வுப் போர்வை உண்டு. அதனால்தான் ஒன்றை நம்பி இருக்காமல் இத்தனையையும் சேர்த்தே உடம்பு சுரக்கிறது.

அப்பாவிடம் இருந்த செயற்கை எச்சில் ஸ்பிரே வாயை நனைக்கும், அவ்வளவுதான். இரவில் ஃபுளோரைடு ஜெல், பகலில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் என்று பல் மருத்துவர் சொன்னபடி செய்கிறோம். மிஞ்சியிருக்கும் சுரப்பியை மெல்லுவது தூண்டுமாம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்றுக் காலை சமையலறைக்கு வந்து, "இன்னைக்கு எழுந்தப்போ நாக்கு மேலண்ணத்துல ஒட்டலைம்மா" என்றார். படுக்கைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.