பாவு முடிகிற இடத்தில் ஒன்றரை மீட்டர்

ஜூன் 3, செவ்வாய்

ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்க வேண்டிய நேரத்தில் ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோவின் 1982 ஸ்வெட்டரைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு, மேலெல்லாம் ஓட்டை. எலி கடித்ததென்றே யாரும் சொல்வார்கள். 1969இல் கம்பெனி தொடங்கியவர், 1981இல்தான் பாரிசுக்குப் போனார். அங்கே எல்லாரும் பளபளவென்று உடுத்திக்கொண்டிருக்க, இவர் இப்படி!

என்னை அசத்தியது ஓட்டை இல்லை. துணி நெய்யும் இயந்திரம் பிசிறில்லாமல் நெய்வது இவருக்குப் பிடிக்காது. அங்கங்கே ஒரு திருகைத் தளர்த்திவிடுவாராம். கையால் நெய்தால் இந்த வேலையே வேண்டாம் என்பதும் அவர் கட்சிதான்.

சரி, நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் கைத்தறிதானே? கட்டமெல்லாம் அடிக்கோல் வைத்த மாதிரி அல்லவா நிற்கிறது.

ஜூன் 5, வியாழன்

நெசவாளர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தறியில் கடுகு மஞ்சளும் அரக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முதலில் துணிந்தவள் யாரோ, அவளைக் கும்பிட வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு வந்தபோது ஊரே பெருமைப்பட்டது. ஆனால் ஊர் அந்த நிறங்களை நிறுத்திப் பார்த்து வெகுநாளாகிறது.

“அண்ணே, கட்டம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம ஒரு துணி நெய்ய முடியுமா?”

அவர் சிரிக்கவில்லை. “பாவுல கை வைக்காதீங்க ஆச்சி. அது பல சேலைக்குச் சேர்த்து ஓட்டினது. ஒரு சேலைக்காக மாத்த முடியாது. ஊடைன்னா நம்ம கையில. நூல் நாடாவை எப்ப மாத்துறமோ அப்பக் கட்டம் மாறும்.”

ஆக, பாவு என்கிற நீள நூலின் கோடுகள் அசையாது, ஊடை என்கிற குறுக்கு நூலின் கோடுகளை எங்கே வேண்டுமானாலும் போடலாம். நான் தேடிய திருகு இதுதான். பாவு முடிகிற இடத்தில் ஒன்றரை மீட்டர் மிஞ்சுமாம், அதில் நெய்து தருகிறேன் என்றார். கூலி முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். ஊடையை எண்ணி எண்ணியே பழகிய கைக்கு, எண்ணாமல் நெய்வதுதான் சிரமம் என்று அப்புறம் தெரிந்தது.

ஜூன் 11, புதன்

அப்பத்தாவுக்கு இன்னொரு ஜப்பானிய வடிவமைப்பாளர் இசே மியாகேயின் மடிப்பு உடைகளைக் காட்டினேன். மற்றவர்கள் துணியை மடித்துவிட்டுத் தைப்பார்கள். இவர் வேண்டிய அளவைப்போல இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்துவிட்டு, காகிதத்துக்கு நடுவில் வைத்து, சூட்டில் அழுத்தி மடிப்பு விழவைத்தார். பாலியஸ்டர் என்பதால் துவைத்தாலும் மடிப்பு போகாது. 1993இலிருந்து இது விற்பனைக்கு இருக்கிறது. பருத்தியில் இந்த வித்தை பலிக்காது.

“கொசுவத்தை நிரந்தரமா வச்சுட்டானா? கட்டத் தெரியாதவளுக்குச் செஞ்சிருப்பான்” என்றார் அப்பத்தா. பின்கொசுவம் வைத்துக் கணுக்கால் தெரியக் கட்டி வயல் வேலையும் பார்த்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர். அவரிடம் ஜப்பான் எடுபடாது. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கி இன்னொரு தரம் பார்த்தார். அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்று ரவிக்கை. ஒன்றுக்குக் கழுத்து இறங்கிவிட்டது. வேறு விசேஷமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சிற்பி மிருணாளினி முகர்ஜியின் ‘யக்ஷி’ (1984) படம். சாயமேற்றிய சணல் கயிற்றைக் கையால் முடிச்சுப் போட்டே ஆளைவிட உயரமாக ஒரு உருவம். தறியும் இல்லை, கல்லும் இல்லை. சிற்பமா, துணி வேலையா என்று ஆள்ஆளுக்குக் குழம்பியிருக்கிறார்கள். 2015இல் போய்விட்டார். 2019இல் நியூயார்க்கில் அவருக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தார்கள். இருக்கும்போதே வைத்திருக்கலாம்.

கயிற்றுக் கடை வாசலில் சுருள் சுருளாகக் கிடப்பதைத் தினமும் தாண்டித்தான் போகிறேன். இன்று நின்று தொட்டுப் பார்த்தேன். கடைக்காரர் “எத்தனை கிலோ?” என்றார். ஓடி வந்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

துணி வந்துவிட்டது. ஒரு கட்டம் விரல் அகலம், அடுத்தது சாண். நடுவில் மஞ்சள் மட்டும் நீண்டுகொண்டே போய் சட்டென்று அரக்கு. பாவின் கோடுகள் அசையாமல் நிற்பதால்தான் இந்த ஆட்டம் தெரிகிறது. எல்லாமே கலைந்திருந்தால் வெறும் குழப்பமாகியிருக்கும். இது நான் யோசித்து வைத்ததல்ல, அவர் பாவைத் தொடவிடாததால் வந்தது.

வழக்கமாகச் சேலை எடுக்கும் கடைக்காரர் பார்த்துவிட்டு, டேமேஜில் ஒதுக்கச் சொன்னாராம். அப்பத்தாவோ, “எவ்வளவு குறைச்சான்?” என்று கேட்டார். குறைக்கவில்லை என்றதும் என்னைத்தான் பார்த்தார்.

அண்ணன் போனில் சொன்னார்: “ஒரு இடத்துல அசந்துட்டேன் ஆச்சி. கை தானா எண்ண ஆரம்பிச்சிருச்சு. முடிஞ்சா கண்டுபிடிங்க.”

டேப்பை வைத்து அளந்தேன். ஒரு முனையிலிருந்து எழுபது சென்டிமீட்டரில் தொடங்கி நாலு கட்டம், நூல் பிசகாமல் ஒரே அளவு. அந்தத் துண்டை மேல்சட்டையின் முதுகுக்கு வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருக்கிறேன். கத்தரியை நாளைக்கு எடுக்கலாம்.