கன்சீல்டு டைவெர்ட்டர்: பூசுறதுக்கு முன்ன கசிவ பிடிச்சாச்சு

தக்கலை பக்கம் அப்பா கட்டின பழைய வீட்டுல பாத்ரூம் வேலை ஓடிட்டு இருக்கு, இந்த தடவ டைவெர்ட்டர் கதை மட்டும், அதாவது ஹாட்டு கோல்டு வெள்ளத்த கலந்து ஷவருக்கோ கீழ உள்ள ஸ்பவுட் குழாய்க்கோ திருப்பி விடுற, செவருக்குள்ள பதிக்கிற வால்வு. பிளம்பர் செவர வெட்டி அதோட பித்தள பாடிய உக்கார வச்சு, ஹாட்டு கோல்டு ரெண்டு லைனும் சுடுவெள்ளம் தாங்குற சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புல இழுத்து, டேங்க் வால்வ தொறந்து விட்டு பாருங்க ஒரு சொட்டும் இல்லன்னு காட்டிட்டு அடுத்த சைட்டுக்கு போயாச்சு. கொத்தனார் கலவை போட ரெடியா நின்னாரு, நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி வேலைய நிப்பாட்டினேன்.

ஏன்னா நம்ம வீட்டு டேங்குக்கும் ஷவர் பாடிக்கும் உயர வித்தியாசம் மிஞ்சிப் போனா 4 மீட்டர். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் பிரஷர், அப்போ இங்க 0.4 பார்தான். அதுல சொட்டலன்னா ஜாயின்ட் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ரெயின் ஷவர்ல வெள்ளம் ஒழுங்கா விழணும்னு பின்னால பிரஷர் பம்ப் வைக்கிற பிளான் வேற இருக்கு, அது 2 பார் குடுக்கும், அப்போ டைல்ஸ்க்கு பின்னால என்ன நடக்குன்னு யாருக்கு தெரியும்.

ஹார்டுவேர் கடையில கையால அடிக்கிற டெஸ்ட் பம்ப் வாடகைக்கு கிட்டும். கீசர் கனெக்‌ஷன கழட்டி அந்த ரெண்டு பாயின்ட்டுலயும் பிளக் போட்டேன், கீசர் டேங்குக்கு இந்த பிரஷர் ஏத்தப்படாது. ஷவர் அவுட்லெட், ஸ்பவுட் அவுட்லெட் ரெண்டுக்கும் பிளக். லிவர நடுவுல தொறந்து வச்சாதான் ஹாட்டு கோல்டு ரெண்டு பக்கமும் பிரஷர் ஏறும். மேல ஷவர் பிளக்க லேசா விட்டுட்டு காத்து எல்லாம் போற வரைக்கும் வெள்ளம் நெறச்சு பொறவு இறுக்கணும், உள்ள காத்து நின்னா கேஜ் காட்டுறது நம்ப முடியாது. பாடி கூட வந்த பேப்பர்ல எவ்வளவு பிரஷர் தாங்கும்னு போட்டிருக்கும், அத பாத்துட்டு 7 பார் வரை அடிச்சேன்.

கேஜ் முள்ளு எறங்கிச்சு. மொதல்ல கொஞ்சம் எறங்குறது சகஜம்தான், பைப் லேசா விரியும், ஒளிஞ்சு கெடக்குற காத்து அமுங்கும். திரும்ப 7க்கு ஏத்தி விட்டேன், அப்பவும் நிக்கல, பையப் பைய எறங்கிட்டே இருந்துச்சு.

எங்க கசியுதுன்னு பாக்குறதுதான் பெரிய பாடு. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்கு பருவமழை நேரம், செவரே நனஞ்சு கெடக்கு, வெட்டின செங்கல்ல கைய வச்சா எல்லா எடமும் ஈரமாத்தான் இருக்கு. டிஷ்யூ பேப்பர் வச்சு பாத்தேன், அது செவரு ஈரத்த குடிச்சுட்டு பொய் சொல்லிச்சு. கடைசியில கைகுடுத்தது மூஞ்சிக்கு போடுற பவுடர்தான். எல்லா ஜாயின்ட்டையும் துணியால சுத்தமா தொடச்சு, பெயின்ட் பிரஷ்ஷுல பவுடர தொட்டு சுத்தியும் தட்டி விட்டுட்டு போய் ஒரு சாயா குடிச்சுட்டு வந்து டார்ச் அடிச்சு பாத்தேன். ஒட்டின ஜாயின்ட் எல்லாம் வெள்ள வெளேர்னு அப்படியே நிக்கு. ஹாட் பக்கம் பாடிக்கும் எல்போவுக்கும் (பைப்ப திருப்புற வளைவு) நடுவுல உள்ள நிப்பிள் (ரெண்டு பக்கமும் திரெட்டு உள்ள குட்டி பைப்) திரெட்டுல மட்டும் பவுடர் மேல முடி கனத்துல ஒரு சாம்பல் கோடு, கீழ்ப்பக்கம் அரை வட்டமா. கையில தொட்டா ஈரமே தெரியாது, அவ்வளவு சின்ன கசிவு.

கசிவுன்னா எல்லாரும் கம் ஒட்டினதத்தான் மொதல்ல சந்தேகப்படுவாங்க, என் அனுபவத்துல ஒட்டின ஜாயின்ட்ட விட பித்தள திரெட்டுதான் மோசம் பண்ணும். அத்தான் ஓமான்ல பைப் ஃபிட்டரா பல வருஷம் இருந்தவரு, வீடியோ கால்ல காட்டினேன். பாத்த உடனே கேட்டாரு, “எல மக்கா, அந்த எல்போ சரியா கீழ பாத்து நிக்கே, இறுக்கும்போதே அங்க வந்து நின்னுச்சா இல்ல பின்னால திருப்பி கொண்டு வந்து நிப்பாட்டினாங்களா?” சங்கதி அதுலதான் கெடக்கு. பைப் கீழ இருந்து வருது, அதனால எல்போ வாய் நேரா கீழ பாக்கணும். நல்லா இறுகும்போது வாய் சரிஞ்சு நின்னா ஒண்ணு இன்னும் கிட்டத்தட்ட ஒரு முழு சுத்து முன்னால போணும், அந்த வெட்டுக்குள்ள ஸ்பேனர் சுத்த எடமே இல்ல, இல்லன்னா கொஞ்சம் பின்னால வரணும். கசியாம இருக்க திரெட்டுல சுத்துற டெஃப்லான் டேப் பின்னால திருப்புறத தாங்காது, திரெட்டுல அமுங்கின டேப் பின்ன வந்தா விட்ட எடத்த திரும்ப நெறைக்காது. அந்த பிளம்பர் நல்ல வேலைக்காரர்தான், எடம் அப்படி.

இதுக்கு அத்தான் சொன்ன வழி சணல். சணலும் பேஸ்ட்டும் போட்டா எட்டுல ஒரு பங்கு சுத்து வரை பின்னால வந்தாலும் பிடிச்சு நிக்கும், ஈரம் பட்டா ஊதி இன்னும் அடைக்கும். மார்த்தாண்டத்துல கடையில கேட்டப்போ அந்த பையன் இப்போ யாருண்ணே இத வாங்குறான்னு சிரிச்சுட்டு உள்ள போய் தூசி தட்டி ஒரு கட்டு எடுத்து தந்தான்.

ஒட்டின பைப்ப கழட்ட முடியாது, அதனால எல்போவுக்கு கீழ பைப்ப அறுத்து, பாடிய ஒரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டு எல்போவையும் நிப்பிளையும் வெளிய எடுத்தேன். புது நிப்பிள் திரெட்டு பளபளன்னு வழுக்கும், சணல் பிடிக்காம கூடவே சுத்தும், அதனால ஆக்ஸா பிளேட குறுக்க வச்சு திரெட்டு மேல லேசா சொரண்டி விடணும், கருக் கருக்னு சத்தம் கேட்டா போதும். டேப் பழைய துண்டு ஒண்ணும் இல்லாம சுத்தம் பண்ணிட்டு, சணல்ல கொஞ்சமா பிரிச்சு சிக்கெடுத்து, முன் திரெட்ட விட்டுட்டு இறுகுற திசையிலேயே சடை பின்னுற மாதிரி இழுத்துச் சுத்தி, மேல பேஸ்ட் தடவி இறுக்கினேன். நிப்பிளுக்கு ரெண்டு பக்கமும் அப்படித்தான். வெளிய பிதுங்கி வர்ற சணல அறுத்து விடலாம், ஆனா நிறைய பிதுங்கினா சுத்தினது அதிகம்னு அர்த்தம். பசை மாதிரி பாட்டில்ல வர்ற காத்துபடாம இறுகுற சீலன்ட்டும் கடையில காட்டினான், அது பித்தளைக்கு நல்லது, சிபிவிசி மேல ஒழுகினா பைப்ப வெடிக்க வைக்கும், அதனால வேண்டாம்னு விட்டேன்.

அறுத்த எடத்த கப்ளர் போட்டு சேத்தாச்சு. அறுத்த வாய்க்குள்ள பிசிறு இருந்தா கத்தியால செத்தி எடுக்கணும். கம் ரெண்டு பக்கமும் பூசி கால் சுத்து திருப்பி சொருகி கொஞ்ச நேரம் அழுத்தி பிடிக்கணும், இல்லன்னா பைப் தானா வெளிய தள்ளும். பாடிக்கு மேல நிக்கிற பைப்ப ஒட்டும்போது மட்டும் ரொம்ப கவனம், கம் அதிகமானா வழிஞ்சு கார்ட்ரிட்ஜ்க்குள்ள (லிவர் திருப்புற உள் வால்வு) போய் அத முடிச்சு விட்டுரும்.

மேல ஷவருக்கு போற ஜாயின்ட்ட பிரஷர் டெஸ்ட் குத்தம் சொல்லல, ஆனாலும் மாத்தினேன். அதுல பித்தள பாடிக்குள்ள முழு பிளாஸ்டிக் திரெட்டு. சுடுவெள்ளம் போகும்போது சிபிவிசி பித்தளைய விட மூணு மடங்குக்கு மேல விரியும், விரிய எடமில்லாம அமுங்கி, ஆறினப்பொறவு லூசா நிக்கும். வருஷக்கணக்குல இத செஞ்சா எப்பவாவது விடும். பித்தள திரெட்டு வச்ச அடாப்டர் வில கொஞ்சம் கூடுதல்தான், டைல்ஸ் உடைக்கிற கூலிய நெனச்சா ஒண்ணுமில்ல.

கம் நல்லா காய விட்டு திரும்ப 7 பார் ஏத்தி, பவுடர் தட்டி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில முள்ளு ஒரு நூல் எறங்கியிருந்துச்சு, ராத்திரி மழையில குளுந்ததுக்கு அவ்வளவு எறங்கும், பவுடர் எங்கயும் நெறம் மாறல.

இனி பூச்சு. பாடி மேல உள்ள பிளாஸ்டிக் மூடியில டைல்ஸ் முகம் எதுலருந்து எது வரை வரலாம்னு கோடு போட்டிருக்கு, பூச்சு, டைல்ஸ் ஒட்டுற கம், டைல்ஸ் மூணையும் கூட்டி கணக்கு பாத்ததுல நடுவுல வருது. பைப் போற வழிய டேப் வச்சு தரையிலருந்தும் மூலையிலருந்தும் அளந்து போட்டோ எடுத்தாச்சு, டவல் ராடு மாட்ட டிரில் போடும்போது தேவப்படும். கொத்தனார் திங்கக்கிழமை வாறேன்னு சொல்லியிருக்காரு, மழை விட்டா.