நல்லா இருக்காரா என்று கேட்டாள்

ஒரே ஆள் இரண்டு பேராக வருவது ரோல்பிளே ஃபோரம் நடத்துகிறவர்களுக்குப் புதிதில்லை. கேரக்டர்களை எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து ஆன்லைனில் கதை எழுதும் இடம் அது. எங்கள் ஃபோரத்தில் கேரக்டருக்கு ஒரு கணக்கு, ஒருவரே நாலைந்து கேரக்டர் எழுதலாம், அதில் சிக்கலே கிடையாது. ஆனால் கதைக்கு வெளியே, அரட்டைப் பகுதியிலும் தனிமடலிலும், நான் வேறு ஆள் என்று சொல்லிக்கொண்டு உலவினால் பேன், அதாவது கணக்கை முடக்கிவிடுவோம். நானும் என் கல்லூரி நண்பனும் ஆரம்பித்தபோது எழுதிய விதி அது.

ஒரு தடவை எனக்குச் சந்தேகம் வந்த இரண்டு கணக்குக்கும் ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண், ஒன்றாக இருந்தது. அதை வைத்து மட்டும் யாரையும் பிடிக்கக் கூடாது, ஹாஸ்டல் வைஃபையும் மொபைல் நெட்வொர்க்கும் ஊர் பேர் தெரியாத பலரை ஒரே முகவரியில் காட்டும். எனக்கு உறுத்தியது எழுத்துதான். எங்கள் கதையின் துறைமுக நகரத்தில் வைத்தியம் பார்க்கும் பெண்ணும் கிழட்டு மாலுமியும் பேச்சில் துளிகூட ஒத்துப்போக மாட்டார்கள், அவ்வளவு நன்றாக எழுதினார். ஆனால் இருவருமே கேள்விக்குறிக்கு முன்னால் ஒரு இடம் விட்டார்கள். அப்புறம், ஒரு கணக்கு வெளியேறின கொஞ்ச நேரத்தில் இன்னொன்று உள்ளே வரும், ஒரு நாளும் இரண்டும் சேர்ந்து இருந்ததில்லை.

வைத்தியக்காரியை எழுதுகிறவரிடம் கேட்டதும் ஒத்துக்கொண்டார். மாலுமியை எழுதுகிறவர் இரவுப் பணியில் இருக்கும் ஒரு ஆண் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார், அப்படி ஒருவர் இல்லவே இல்லை. இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். பதில் என்னிடம் இருந்தது. எங்கள் உறுப்பினர் ஒரு பெண், வேறு நாட்டில் இருப்பவள், அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் ராத்திரி ராத்திரியாக அந்த 'மாலுமி'யிடம்தான் தனிமடலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"டேய், ரெண்டையும் பேன் பண்ணிட்டு வேலையைப் பாரு" என்றான் நண்பன். எனக்கு மனசு வரவில்லை. மாலுமிக் கணக்கை மட்டும் மூடுவது, வைத்தியக்காரி இருக்கட்டும், விஷயம் எங்கள் இரண்டு பேரோடு நிற்கட்டும் என்று முடிவானது. ஒரே ஒரு மடல் போட்டு அவளிடம் விடைபெற்றுக்கொள்கிறேன் என்று அவர் கேட்டார். கூடாது என்றேன். இல்லாத ஒரு ஆள் விடைபெற நாங்கள் துணை போக முடியாது என்பதுதான் காரணம், அது இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கதையில் மாலுமி கப்பலேறினான்.

அடுத்த வாரமே அவளிடமிருந்து மடல் வந்தது. அவர் நல்லா இருக்காரா, அது மட்டும் தெரிஞ்சா போதும் என்று.

நல்லா இருக்கார், இனி இங்கே வரமாட்டார் என்று பதில் போட்டேன்.

இதில் எது பொய்? எழுதினவர் நன்றாகத்தான் இருந்தார், அதே சமயம் அடுத்த பக்கத்தில் யாருக்கோ மூலிகை அரைத்துக்கொண்டிருந்தார். ஒருவருடைய ஐபியை, கணக்கை இன்னொருவரிடம் சொல்வது எந்த அட்மினுக்கும் அழகில்லை. அவள் அம்மா அப்போது இருந்த நிலையில், நீ மனசு விட்டுப் பேசின ஆளே கிடையாது என்று யார் சொல்வது? இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். கேள்வியைப் பார்த்ததும் கை எழுதிவிட்டது, காரணமெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது ஒன்றுதான். "அவன் தோளை நோக்கி வாளை வீசினேன்" என்று எழுதலாம். "என் வாள் அவன் தோளைக் கிழித்தது" என்று எழுதக் கூடாது. கிழித்ததா, விலகினானா, அது அந்தக் கேரக்டரை எழுதுகிறவர் பாடு. இதை மீறுவதற்குக் காட்மாடிங் என்று பெயர், இதற்காக எத்தனையோ போஸ்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவளுக்குப் பதில் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

1990-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்ப்டாமூ என்ற, எழுத்திலேயே நடக்கும் ஆன்லைன் உலகத்தில் நடந்ததை அட்மின்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். உறுப்பினர் சண்டைகளில் இனி தலையிட மாட்டோம் என்று அங்கே நிர்வாகிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1993-ல் ஒருவன் மற்றவர்களின் கேரக்டர்களைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைத்து அசிங்கப்படுத்தினான். கூடிக் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு நிர்வாகி தனி ஆளாக அவன் கணக்கை அழித்தார், அதன் பிறகுதான் மனு, வாக்கெடுப்பு எல்லாம் வந்தது. அந்த நிர்வாகி பக்கம்தான் நான் எப்போதும் பேசுவேன். ஆனால் அவர் செய்தது ஊருக்கே தெரிந்தது, திட்டினவர்கள் முகத்துக்கு நேரே திட்டினார்கள். நாங்கள் செய்தது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது, யார் திட்டுவது?

தொந்தரவு அதோடு நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அவள் வைத்தியக்காரியோடு எழுத ஆரம்பித்தாள். எங்கள் வேகம் தெரியும்தானே, நேர வித்தியாசத்தில் ஒருவர் தூங்க ஒருவர் எழுத, கதையில் ஒரு சாயங்காலம் முடிய மாதங்கள் ஆகும். அந்த ஒரு சாயங்காலத்துக்குள் இருவரும் ரொம்ப நெருங்கிவிட்டார்கள். உங்கள் எழுத்து எனக்குத் தெரிந்த ஒருவரை நினைவுபடுத்துகிறது என்று அரட்டையில் ஒரு தடவை அவளே எழுதினாள். வைத்தியக்காரி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தேதான் எழுதுகிறாள் என்பது நண்பன் கட்சி. அப்படி இருந்தால் எனக்கு நிம்மதிதான், அதனாலேயே அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

இப்போது ஃபோரத்தைப் புது அட்மின் ஒருவரிடம் கொடுக்கப்போகிறோம். பாஸ்வேர்ட், பேக்கப், விதிகள், தடை செய்த கணக்குகளும் அதற்கான காரணமும் என்று ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாலுமிக் கணக்குக்கு நேரே காரணம் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. உண்மையை எழுது, நாளைக்கு அவள் கேட்டால் அந்த ஆளாவது ஒழுங்காகப் பதில் சொல்லட்டும் என்கிறான் நண்பன். "சொந்த விருப்பத்தில் விலகினார்" என்று எழுதிப் பார்த்து அழித்தேன், அது நிச்சயம் பொய். இந்த வார இறுதிக்குள் அனுப்ப வேண்டும்.