வலி குறைந்தால் சுளுக்கு ஆறிவிட்டதா?

கணுக்கால் மடங்கி என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் முதலில் கேட்பது, "அடிபட்டதும் நாலு எட்டு வைக்க முடிந்ததா? இப்போது முடிகிறதா?" என்பதைத்தான். அப்புறம் கணுக்காலின் இருபக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியையும், அங்கிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே வரை பின் விளிம்பையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். பாதத்தில், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் வெளி ஓரத்தில் புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்க மேட்டையும் விடுவதில்லை. இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே வலித்தாலோ, அப்போதும் இப்போதும் நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிடுவேன். கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் வகுத்து 1992இல் வெளியிட்ட விதி இது.

வலி எவ்வளவு என்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் லிகமென்ட் லேசாக இழுபட்டால் முதல் நிலை, பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை, முழுதாக அறுந்தால் மூன்றாம் நிலை. பாதி கிழிந்தது துடிக்க வைக்கும். முழுதாக அறுந்தது சில நேரம் அதைவிடக் குறைவாகவே வலிக்கும், ஏனென்றால் இழுபட அங்கே நார் மிச்சமில்லை. வாலிபால் ஆடும் ஒரு கல்லூரி மாணவி அப்படித்தான் வந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலியும் சுமார்தான். குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்தால் பாதம் நழுவி வந்தது. லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் உருவி விடுவதும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டவே வேண்டாம், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். அது வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978இல் பிரபலமாக்கிய டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டார். க்ரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்துங்கள்.

தசையில் இழுப்பு என்றால் பெரும்பாலும் பொறுமையாக ஆறிவிடும். ஆனால் ஓடும்போது குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்த மாதிரி 'டப்' என்று கேட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தும்போது பாதம் அசையவில்லை என்றால், கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் டெண்டன் என்ற தசைநாண் அறுந்திருக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கும் இதே அவசரம் தேவை. அவர்களுக்கு லிகமென்ட்டைவிட, எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு பலவீனமானது, சுளுக்கு போலத் தெரிவது அங்கே முறிவாக இருக்கலாம்.

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது வலி நின்ற பிறகு நடப்பதுதான். வீக்கம் வடிந்ததும் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் லிகமென்ட்டிலும் இருக்கின்றன. அவையும் அடிபட்டிருக்கும். அதனால்தான் அதே கால் மறுபடி மறுபடி மடங்குகிறது. அந்த மாணவியைத் தினமும் ஒற்றைக்காலில் நிற்க வைத்தேன். முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி, அப்புறம் மடித்த தலையணைமேல். "வலியே இல்லையே, இன்னும் எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே செய்தார். அடிபட்ட காலில் குதித்து இறங்கி ஆடாமல் நின்ற பிறகுதான் வலைக்கு அருகே போக விட்டேன்.