தெற்குச் சுவரில் ஆணி அடிக்காத வருஷம்

இந்த வருஷம் வீட்டில் படம் மாட்டப் போகிறவர்கள் முதலில் திசையைப் பாருங்கள். 2026ல் வீட்டின் தெற்குப் பக்கத்தில் டிரில் போடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, இடிக்கவும் கூடாது என்பது சீனர்களின் ஃபெங் சுய் சாஸ்திரத்தில் வருகிற வருட எண் கணக்கு. சிங்கப்பூரில் இது யாரோ நாலு பேர் மட்டும் பேசுகிற விஷயம் இல்லை. வருஷக் கடைசியிலேயே அடுத்த வருஷத்துப் பலன் புத்தகங்கள் கடைகளுக்கு வந்துவிடும், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அதுதான் பேச்சு. எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் வரவேற்பறையின் நீளமான சுவர் சரியாகத் தெற்கில் இருக்கிறது, நானோ படம் மாட்டுவதில் பித்துப் பிடித்தவள், அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஆழமாகவே படித்துப் பார்த்தேன்.

நான் இதை எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எண் நம் தலையெழுத்தைச் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சுவர்களுக்கு என்று ஒரு நாட்காட்டி இருப்பது ரொம்ப நல்லது என்று நினைக்கிறேன். படத்தை ஒருமுறை மாட்டிவிட்டால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்காத ஜனங்கள் நாம். வருஷா வருஷம் எண் இடம் மாறுகிறது, ஆகவே படத்தை இறக்கு, பின்பக்கம் பார், துடை, வேறு இடத்தில் மாட்டு என்று ஒரு கணக்கு நம்மைத் தூண்டிவிடுமானால், இந்த ஊர் ஈரப்பதத்தில் அதுவே படங்களைக் காப்பாற்றும்.

சரி, கணக்குக்கு வருவோம். வேர் லோ ஷு என்கிற மூன்றுக்கு மூன்று கட்டம். மேல் வரிசை 4, 9, 2. நடு வரிசை 3, 5, 7. கீழ் வரிசை 8, 1, 6. நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 15. பழைய சீன வழக்கத்தில் தெற்கு மேலே வரும், அதனால் 9 தெற்கு, 1 வடக்கு. இது அடிப்படைக் கட்டம். வருஷத்துக்கு வருஷம் நடுவில் உட்காரும் எண் ஒன்று குறைந்துகொண்டே வரும். அதைக் கண்டுபிடிக்க வருஷத்தின் இலக்கங்களை ஒற்றை எண் ஆகும்வரை கூட்டி, 11லிருந்து கழிக்க வேண்டும். 2025ஐக் கூட்டினால் 9, 11லிருந்து கழித்தால் 2. 2026ஐக் கூட்டினால் 10, அதாவது 1. கழித்தால் மறுபடியும் 10, அதுவும் 1. ஆக, இந்த வருஷம் நடுவில் 1. அங்கேயிருந்து வடமேற்கு, மேற்கு, வடகிழக்கு, தெற்கு, வடக்கு, தென்மேற்கு, கிழக்கு, தென்கிழக்கு என்ற வரிசையில் 2, 3, 4 என்று போட்டுக்கொண்டே போனால் தெற்கில் 5 வந்து உட்காரும். ஒன்பது எண்களில் எல்லாரும் பயப்படுவது இந்த ஐந்துக்குத்தான், இருக்கிற இடத்தில் அதைத் தட்டி எழுப்பக் கூடாது என்பார்கள். போதாக்குறைக்கு இது குதிரை வருஷம், குதிரையின் திசையும் தெற்கு. அந்த வருஷத்துக்கு அதிபதியான தாய் சுவேய் அந்தத் திசையில்தான் இருப்பார். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டதால்தான் இவ்வளவு எச்சரிக்கை. இந்தக் கணக்கில் வருஷம் மாறுவது பிப்ரவரி 4ஆம் தேதி, இந்த வருஷச் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17ஆம் தேதி. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள்.

இந்தக் கட்டத்தை முதலில் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பூஜை அலமாரியில் அம்மா ஃபிரேம் போட்டு வைத்திருக்கும் குபேரக் கோலத்தை எடுத்து வந்தேன். மேல் வரிசை 27, 20, 25. நடுவில் 22, 24, 26. கீழே 23, 28, 21. எப்படிக் கூட்டினாலும் 72. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 19ஐக் கழித்துப் பாருங்கள். 8, 1, 6. 3, 5, 7. 4, 9, 2. லோ ஷுவின் மேல் வரிசையும் கீழ் வரிசையும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். 1லிருந்து 9 வரை வைத்து இப்படி ஒரு கட்டம் போட ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, மற்றதெல்லாம் அதைத் திருப்பியும் கவிழ்த்தும் போடுவது என்பது கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. ஒரு வீட்டில் அரிசி மாவால் போடுகிறார்கள், இன்னொரு வீட்டில் திசைகாட்டியோடு வைத்துப் பார்க்கிறார்கள், கட்டம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துவிட்டு, "இதை ஏன்ம்மா அலமாரிக்குள்ளே வச்சிருக்கே?" என்று கேட்டார். இப்போது அது வெளியே மாட்டியிருக்கிறது.

ஆண்ட்டிக்குத் தூரிகை எழுத்து நன்றாக வரும். புத்தாண்டுக்கு வாசலின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற சிவப்புத் தாள் ஈரடிகளை அவரே எழுதுவார், அப்படியே எனக்கும் வெள்ளைத் தாளில் ஒரு பெரிய எழுத்து எழுதிக் கொடுத்தார். அதற்கு ஃபிரேம் போடப் போனபோதுதான் இந்தத் தொழிலில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. அவர் எழுதுவது சுவான் என்கிற சீனத் தாளில். மெல்லிசு, மையில் தண்ணீர் இருப்பதால் காய்ந்ததும் எழுத்தைச் சுற்றிச் சுருங்கிவிடும். அதை அப்படியே கண்ணாடிக்குள் போட்டால் அலை அலையாகத்தான் தெரியும். முறைப்படி செய்கிறவர்கள் தாளைக் கவிழ்த்துப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து நீவி, மாவுப் பசை தடவி, பின்னால் இன்னொரு தாளை ஒட்டி, ஓரங்களைப் பலகையில் ஒட்டிக் காயவிடுவார்கள். காயக் காயத் தாள் தானாகவே இழுபட்டுத் தட்டையாகிவிடும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கிற கடைகளோடு ஃபிரேம் போடுகிற கடைகளும் இருக்கின்றன, சீன ஓவியம் என்று சொல்லிவிட்டு "ஈர ஒட்டுப் போடுவீர்களா?" என்று கேளுங்கள். சூட்டில் ஒட்டுகிற பசைத்தாள் போதும் என்று சொல்கிற கடை வேண்டாம். ஒருமுறை அப்படி ஒட்டினால் பின்னால் எடுப்பது பெரும்பாடு, மாவுப் பசை என்றால் தண்ணீரில் பிரித்துவிடலாம். சிவப்புத் தாளுக்கு மட்டும் எச்சரிக்கை, ஈரம் பட்டால் சாயம் கசியும், அதைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் மவுண்ட். படத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வருகிற அந்த அட்டை அழகுக்கு மட்டும் இல்லை, கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடுகிறதே, அதுதான் அதன் முக்கியமான வேலை. இங்கே காற்றில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தாள் கொஞ்ச நாளில் பூஞ்சை பிடிக்கும், இல்லாவிட்டால் கண்ணாடியிலேயே ஒட்டிப்போகும். அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும், பின்னட்டையும்தான், மலிவான அட்டை படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். செலோ டேப் வேண்டவே வேண்டாம். ஃபிரேமின் கீழ் மூலைகளில் பின்னால் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போகும். வெளிச்சம் நேராக விழும் இடம் என்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுங்கள். அதுவும் மங்குவதைத் தள்ளித்தான் போடும், மேற்கு வெயில் படுகிற சுவரில் வாட்டர்கலருக்குப் பாதுகாப்பே கிடையாது. உயரம், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145லிருந்து 150 சென்டிமீட்டர். நம் வீடுகளில் எல்லாரும் ரொம்ப உயரத்தில் மாட்டுகிறோம், சாமி படத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியதாலோ என்னவோ.

எண்ணும் ஃபிரேமும் ஒன்றாகச் சேருகிற இடம் சீனர்களின் பஞ்சபூதக் கணக்கு (மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணீர்). ஐந்து என்பது மண். நெருப்பு மண்ணை வளர்க்கும், உலோகம் மண்ணின் பலத்தை உறிஞ்சும். அதனால் இந்த வருஷம் தெற்குச் சுவரில் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களைக் குறைத்து உலோகத்தை வைக்கச் சொல்வார்கள். என் வீட்டில் அங்கே இருந்த சிவப்பு ரவிவர்மா அச்சை இறக்கிவிட்டு, அதே கொக்கியில், புது ஓட்டை போடாமல், ஆண்ட்டியின் எழுத்தை வெள்ளை மவுண்டும் மெல்லிய அலுமினிய ஃபிரேமுமாக மாட்டியிருக்கிறேன். பார்க்கவும் அதுதான் பொருத்தம், கறுப்பு மைக்குத் தங்க ஃபிரேம் போட்டால் கண் ஃபிரேமுக்குத்தான் போகும். ரவிவர்மா தென்கிழக்குக்குப் போனது. அங்கே இந்த வருஷம் 9, நெருப்பு எண், 2024லிருந்து 2043 வரை ஓடுகிற இருபது வருஷக் காலத்தின் எண்ணும் அதுதான், சிவப்பு அங்கே தாராளமாக இருக்கலாம். வடகிழக்கில் 4, படிப்புக்கும் எழுத்துக்கும் உரியது. சீனத்தில் இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பதால், பேச்சில் நாலு என்றால் சாவு ஞாபகம் வருகிறது என்று ஒதுக்குகிறவர்களே இந்தக் கட்டத்தில் நாலை விரும்பி வரவேற்பார்கள். அது மகளின் அறை, அவள் கிரேயானில் வரைந்த மீனை அங்கே ஃபிரேம் போட்டு மாட்டினோம். கிரேயான் மெழுகு, கண்ணாடியில் ஒட்டும், அதற்கு இடைவெளி இன்னும் கொஞ்சம் அதிகம் விடச் சொல்லுங்கள்.

குதிரை வருஷம் என்பதால் கடைகளில் குதிரைப் படங்கள் குவிந்துகிடக்கின்றன. எட்டுக் குதிரை, தங்க ஃபிரேம், பின்னால் சொத்தை அட்டை. எண்ணைக் காட்டி விலையை ஏற்றுகிற இந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. குதிரை வேண்டுமென்றால் சீன ஓவியர் சூ பெய்ஹோங்கின் மைக் குதிரைகளின் நல்ல அச்சு ஒன்று வாங்குங்கள். 1895ல் பிறந்து 1953ல் மறைந்தவர், 1939ல் சிங்கப்பூரில் கண்காட்சி வைத்துச் சீனாவின் போர் நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார், அப்புறம் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்குப் போய் அவரை நேரில் வரைந்தார். மலையைப் பெயர்க்கும் முதியவர் பற்றிய அவருடைய பெரிய ஓவியம் 1940ல் இந்தியாவில் இருந்தபோது வரைந்தது, அதில் இருப்பவர்களில் பலருக்கு மாடல்கள் இந்தியர்கள். அவர் குதிரையைச் சுற்றி விடுகிற வெற்றிடம்தான் படத்துக்கே உயிர். இடம் வீணாகிறது என்று ஃபிரேம்காரர் அதை வெட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். குதிரை வாசலைப் பார்த்து ஓடாமல் வீட்டுக்குள்ளே பார்த்து ஓட வேண்டும் என்ற வழக்கம் எனக்குப் பிடிக்கும், பார்க்கிறவர் கண்ணும் வீட்டுக்குள்ளேயே வரும்.

எண்ணை நாட்காட்டியாக மட்டும் வையுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 1966. இந்த வருஷம் வெறும் குதிரை இல்லை, நெருப்புக் குதிரை, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வருவது. இந்த வருஷத்தில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை. 1965ல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 18.2 லட்சம், 1966ல் சுமார் 13.6 லட்சம், அடுத்த வருஷமே 19 லட்சத்தைத் தாண்டியது. ஒரு வருஷத்து எண்ணிக்கையில் நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. பெண் குழந்தை வேண்டாம் என்பதற்கு நம் ஊரில் சொல்லாத காரணமா, அதனால் இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்று கேட்கிறவரை இந்தக் கணக்கு எனக்குச் சம்மதம், யார் பிறக்கலாம் என்று கேட்க ஆரம்பித்தால் கட்டத்தை மூடி வைத்துவிடுவேன். என்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு இந்த வருஷம் பிரசவம். பெண் பிறந்தால் பாய்ந்து ஓடுகிற குதிரை ஒன்றை நல்ல மரச் சட்டத்தில் போட்டுக் கொடுப்பதாக இருக்கிறேன்.

திசை பார்ப்பவர்களுக்கு ஒன்று. கைபேசித் திசைகாட்டியை இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், வீட்டின் நடுவில் நின்று, கொஞ்சம் இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். நிஜமாகவே அடிக்கடி படம் மாற்றப் போகிறீர்கள் என்றால் சுவரின் மேல் ஓரத்தில் நீளமாக ஒரு தொங்கு கம்பி பொருத்திவிடுங்கள், அப்புறம் டிரிலே வேண்டாம். எனக்கு வடக்குச் சுவரிலும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் இந்த வருஷம் வடக்கு குதிரைக்கு நேர் எதிரான எலியின் திசை, அங்கேயும் டிரில் போடவோ இடிக்கவோ கூடாது. 2027ல் நடு எண் 9, ஐந்து வடக்குக்கே போகிறது. ஆக, வடக்கில் கம்பி 2028ல்தான், அதுவரை அங்கே ஏற்கெனவே இருக்கிற இரண்டு கொக்கிகளில் எதை மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.