26 நாளாக உயிரோடு இருக்கும் ஃபயர்ஃபிஷ் (இப்போதைக்கு)

வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு வாங்கிய இந்தச் சின்ன மீனைப் பற்றி எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் கண்ணேறு பயம்தான். பெருமையாக எழுதிவிட்டு மறுநாள் காலையில் மீன் மல்லாந்து கிடந்தால் என்ன செய்வது? ஆனால் இன்று காலை அது ஒளிந்துகிடக்கும் பிவிசி எல்போவை (குழாய் வளைவு) விட்டு முழுசாக வெளியே வந்து, முதுகில் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும் அந்தத் துடுப்பைப் படக் படக்கென்று இரண்டு முறை ஆட்டிவிட்டு, கீழே இறங்கிக்கொண்டிருந்த மைசிஸை (தீனியாகப் போடும் குட்டி இறால் மாதிரி உயிரி) நடுத்தண்ணீரிலேயே கவ்விக்கொண்டு போனது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

இதற்கு முன் நான்கு மாதத்தில் மூன்று மீன் போயிற்று. ராயல் கிராமா இரண்டாம் நாள், மஞ்சள் வாட்ச்மேன் கோபி நான்காம் நாள், முதல் ஃபயர்ஃபிஷ் மூன்றாம் நாள் விடிவதற்குள். மூன்றுக்கும் ஒரே அறிகுறிதான். உடம்பில் புள்ளி இல்லை, தூசி படிந்த மாதிரி எதுவும் இல்லை. மூச்சு மட்டும் வேகம், மூலையில் ஒதுங்கல், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதது. வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, விற்றவரிடம் ஒரு பாட்டம் சண்டையும் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க டேங்க்ல உப்பு எவ்வளவு சார் இருக்கு?" 35 பிபிடி (ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு), அரை புள்ளி அசையாது என்றேன். "எதுல பார்த்தீங்க?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. உப்பு அளக்கும் பழைய முள் ஹைட்ரோமீட்டரில் முள்ளின் மேல் குமிழி ஒட்டிக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டுகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளப்பது) வாங்கியவன் நான். வாரம் தவறாமல் ஆர்ஓ தண்ணீரை விட்டுப் பூஜ்ஜியத்துக்குத் திருகி வைப்பேன். பூஜ்ஜியம் சரியாக இருந்தால் 35ம் சரியாக இருக்கும் என்று நினைத்ததுதான் என் முட்டாள்தனம். 35 பிபிடி என்று அடைத்து விற்கும் அளவுத் திரவத்தை வாங்கி இரண்டு சொட்டு விட்டு, முப்பது வினாடி காத்திருந்து வெளிச்சத்தில் பார்த்தால், நீலக்கோடு 31ல் நிற்கிறது! கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தேன், 31. குமிழி இருக்குமோ என்று மூன்றாவது முறை, 31. அதாவது நான் 35 என்று நினைத்துக்கொண்டிருந்த தொட்டி 39க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் கோமாளி மீனுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அது வந்த பிறகு நான் புதுக் கருவியை நம்பி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், அதுவும் கூடவே பழகிவிட்டது. புதிதாக வந்தவைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

விற்கிற இடங்கள் பலவற்றில் உப்பைக் குறைத்தே வைப்பார்கள், ஒட்டுண்ணித் தொல்லை குறையும், உப்புச் செலவும் மிச்சம். நான் வாங்கிய மீன்கள் இருந்த தண்ணீர் 27. அங்கிருந்து என் 39க்கு, சொட்டுக் குழாய் போட்டு (பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து) இரண்டே மணி நேரத்தில்! கடல் மீன் எப்போதும் உடம்புத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்டத்தான் ஓயாமல் குடிக்கிறது. உப்பு குறைந்தால் தாக்குப்பிடிக்கும், திடீரென்று ஏறினால் கடலுக்கு நடுவிலேயே வறண்டுபோகும். செவுள் அதற்குத் தகுந்தபடி மாறிக்கொள்ள நாட்கள் வேண்டும். உடனே சாகாமல் மூன்றாம் நாள் சாவதால்தான் நாம் நோயைத் தேடிக்கொண்டு அலைகிறோம்.

சொட்டுக் குழாயைப் பற்றியும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. பலமணி நேரம் பையில் வந்த மீனின் தண்ணீரில் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அதனால் அங்கே மீன் கழிவால் சேர்ந்த அமோனியா பெரும்பாலும் அம்மோனியமாகப் பல்லைப் பிடுங்கிய பாம்பாகக் கிடக்கும். பையைத் திறந்து காற்று பட்டதும், போதாக்குறைக்கு நம் தொட்டித் தண்ணீரும் சொட்டச் சொட்ட, பிஹெச் ஏறுகிறது. பிஹெச் ஒன்று ஏறினால் விஷமான அமோனியா சுமார் 10 மடங்கு. அதாவது நிதானமாகப் பழக்குகிறேன் பேர்வழி என்று இரண்டு மணி நேரம் மீனை அந்தக் கஷாயத்தில் ஊறவைத்திருக்கிறேன். வால்வை வினாடிக்கு இரண்டு சொட்டு என்று எண்ணி வைத்து வேறு!

இந்த முறை தலைகீழாகச் செய்தேன். மீனைத் தண்ணீருக்குப் பழக்கவில்லை, தண்ணீரை மீனுக்குத் தகுந்தபடி வைத்தேன். பெரிய தொட்டிக்குள் விடுமுன் தனியாக வைக்க 20 லிட்டர் வெற்றுத் தொட்டி, பெரிய தொட்டியில் ஒரு மாதம் கிடந்து அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஏறிய ஸ்பான்ஞ் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள எல்போ. விற்றவரிடம் முன்பே கேட்டு 28ல் தயாராக வைத்திருந்தேன். பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மூலையில் கத்தரித்துப் பிப்பெட்டில் இரண்டு சொட்டு எடுத்துப் பார்த்தால் 27. தொட்டியில் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீர் சேர்த்து அதையும் 27க்கு இறக்கி, மீனை மட்டும் சின்னக் கப்பில் ஏந்தி (வலை வேண்டாம், துடுப்பு சிக்கும்) உள்ளே விட்டு, பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். பை திறந்ததிலிருந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அப்புறம் நாளுக்கு ஒரு பிபிடி. முதல் நாள் 2.5 லிட்டர் எடுத்துவிட்டு 35ல் கரைத்ததை அதே அளவு ஊற்றினால் 27 சரியாக 28 ஆகிறது. ஆனால் தினமும் அதையே செய்தால் ஏற்றம் குறைந்துகொண்டே போய், ஐந்தாம் நாள் அரையைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். இது மண்டையில் உறைக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பிறகு 38ல் கரைத்து ஊற்றினேன். தினமும் தண்ணீர் மாற்றியதில் அமோனியா கவலையும் தீர்ந்தது. நான்காம் நாள் முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்க் குட்டி இறால்) குஞ்சுகளைத் தின்றது, ஏழாம் நாள் மைசிஸ். துகள் தீனியை இன்னும் வாயில் வைத்துத் துப்புகிறது, திமிர்.

35ஐத் தொட்ட பிறகுதான் காப்பர் (ஒட்டுண்ணிகளைக் கொல்லும் செம்பு மருந்து) ஆரம்பித்தேன். முழு அளவுக்கு வந்து இன்று 14 நாள், 30க்கு இன்னும் 16 பாக்கி. இதற்கிடையில் பெரிய தொட்டியையும் தினம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி 35க்கு இறக்கிவிட்டேன். கோமாளி கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்தது கோபியும் பிஸ்டல் இறாலும் ஜோடியாக. இறாலுக்குக் காப்பர் ஆகாது, அதனால் அதற்குத் தனி டப்பா வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நான்கு டப்பா, மூன்று வாளி. இன்னொன்றுக்கு வீட்டாரிடம் கேட்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோமாளி வேறு ரவுடி, அதனால் ஃபயர்ஃபிஷை முதல் வாரம் ஓட்டை போட்ட பழக்கப் பெட்டிக்குள் வைத்துத்தான் காட்ட வேண்டும்.

மூடி விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இந்த மீன் குதிக்கும். வலை மூடி போட்டும் ஹீட்டர் வயர் போகிற மூலையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, 19ம் நாள் இரவு சரியாக அந்த மூலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அங்கே ஒரு ஸ்பான்ஞ் துண்டைத் திணித்திருக்கிறேன், மேலே ஒரு கல்லும்.