சுங்கை சிப்புட்டிலிருந்து ஹக்கோனேவுக்கு

எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டை ஜப்பானில் கொண்டாடுவது என்று முடிவானதும், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு அருகே, ஈப்போவில் உள்ள ஒரு பயண முகவரிடம்தான் முதலில் விசாரித்தோம். அவர் கொடுத்த தாளில் 'சொகுசுத் தேனிலவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒவ்வோர் இரவும் ஓர் ஊர், ஒரு விடுதி. காலை ஏழு மணிக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே வந்து நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்திருப்பவர். "விடியற்காலையில் எழுந்து ஓடுவதற்கு இங்கே நமக்குக் காசு கொடுக்கிறார்கள். அங்கே போய் நாம் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். தாளை மடித்து வைத்துவிட்டு நானே திட்டம் போட உட்கார்ந்தேன்.

தேதி குறிப்பதற்கே பஞ்சாங்கமும் நாட்காட்டியும் தேவைப்பட்டன. நான் தையல் கடை நடத்துகிறேன். தீபாவளி முடியும்வரை தலையைத் தூக்க முடியாது. அது முடிந்து கிளம்பலாமென்றால் நவம்பர் பிற்பகுதியில் கியோத்தோவில் இலைகள் சிவக்கும் காலம். கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். கல்யாண நாளோ தை மாதத்தில் வருகிறது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பேன் என்பதால் அதற்கு முன்னால் விரதம். சீனப் பெருநாளை ஒட்டி விமானக் கட்டணம் ஏறிவிடும். எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தால் பிப்ரவரி கடைசிதான் மிஞ்சியது. நல்லதாகப் போயிற்று. இலையும் இல்லை, செர்ரிப் பூவும் இல்லை என்பதால் விலை இறங்கியிருக்கும். குளிர்காலத்தில் வானம் தெளிந்திருப்பதால் ஃபூஜி மலை கோடையைவிட நன்றாகத் தெரியும். பேரரசரின் பிறந்தநாளான பிப்ரவரி 23 அங்கே பொதுவிடுமுறை. அதையும் சனிக்கிழமை இரவையும் தவிர்த்தேன். அந்த நாள்களில் விடுதிகளின் விலை வேறு.

விசா வேலை இல்லை. சில்லு பதித்த மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை தங்கலாம். 2013 ஜூலையிலிருந்தே இந்தச் சலுகை இருக்கிறது. அவருடைய கடப்பிதழ் காலாவதியாகியிருந்தது. 200 ரிங்கிட் கட்டிப் புதுப்பித்தோம்.

இனி விடுதிக் கதை. தோக்கியோவில் உயரமான ஹோட்டல் எடுப்பதா, ஹக்கோனே மலையில் ரியோகான் என்னும் பழைய பாணி விடுதி எடுப்பதா என்ற கேள்வியில் ரியோகான் வென்றது. உயரமான ஹோட்டல் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. ஆனால் ரியோகான் விலையைப் படிக்கத் தெரிய வேண்டும். பல விடுதிகள் அறைக்கு விலை போடுவதில்லை, தலைக்குப் போடுகின்றன. இரவு உணவும் காலை உணவும் அதில் அடக்கம். 60,000 யென் என்று போட்டிருந்தால் இருவருக்கு 1,20,000. நூறு யென்னுக்கு ஏறத்தாழ மூன்று ரிங்கிட் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 3,600 ரிங்கிட். இதை நான் சொன்னபோது வீட்டுக்காரர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி பாயில் படுக்க வேண்டும் என்பது. பாய் விரித்த தரையில் மெத்தை போட்டுத் தருவார்கள் என்றேன். "தோட்டத்து லயத்தில் பாயில் படுத்து வளர்ந்தவன் நான். கட்டில் வாங்குவதற்குத்தான் இத்தனை வருடம் லாரி ஓட்டினேன்" என்றார். அவர் முழங்காலை நினைத்து, பாய் அறையிலேயே தாழ்வான கட்டில் போட்டிருக்கும் வகையைத் தேடினேன். அப்படி அறைகள் உண்டு, கேட்க வேண்டும். அடுத்தது குளியல். ஊற்று நீர்ப் பொதுக் குளியலறையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்தான். ஆனால் உடம்பில் துணியே கூடாது, நீச்சல் உடையும் கூடாது. பொதுக் குழாயடியில் ஊர் பார்க்கக் குளித்த காலத்தில்கூடச் சாரோங் இருந்ததே என்றார். எனக்கும் கூச்சம்தான். ஆகவே அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி உள்ள அறை. விலையைத் தூக்குவது அந்தத் தொட்டிதான். என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் தயங்காமல் காசு கொடுக்க வேண்டிய ஒரே பொருளும் அதுதான்.

எல்லாவற்றையும்விடச் சாப்பாட்டுக்குத்தான் அதிகம் உழைத்தேன். இவ்வகை விடுதிகளின் இரவு உணவு கைசேகி எனப்படும் பல சுற்று விருந்து. அதன் பெருமையே பச்சை மீனும் வாக்யூ மாட்டிறைச்சியும். நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம். பச்சை மீன் தொண்டையில் இறங்காது. அவர்கள் உச்சம் என்று வைத்திருக்கும் இரண்டையும் கழித்துவிட்டு அதே காசைக் கொடுப்பது என்ன நியாயம் என்று பார்த்து, சில விடுதிகளுக்கு மின்னஞ்சல் எழுதினேன்.

ஓரிடத்திலிருந்து, பட்டியலை மாற்ற இயலாது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. நேர்மையான பதில். இன்னோர் இடத்தார் "பிரச்சினை இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரி எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. அளவு எடுக்காமலே ரவிக்கைத் துணியை வாங்கி வைத்துக்கொள்ளும் தையற்காரரை நான் நம்பமாட்டேன். மற்றொரு விடுதியோ பதிலுக்குக் கேள்விகளாக அனுப்பியது: மாட்டிறைச்சித் துண்டு மட்டும் கூடாதா, அதன் கொழுப்பும் எலும்புச் சாறும்கூடக் கூடாதா? பன்றி, கோழி சம்மதமா? மீன் முட்டை? காலையில் பச்சை முட்டை வைப்போம், அதை அவித்துத் தரவா? மீனை மேலோட்டமாகச் சுட்டு உள்ளே பச்சையாக விட்டால் சாப்பிடுவீர்களா? தாஷி என்னும் குழம்புச்சாறு, உலர்ந்த சூரை மீனைச் சீவிப்போட்டு எடுப்பது. அது எல்லாப் பதார்த்தத்திலும் இருக்கும், பரவாயில்லையா? அன்றிரவே அந்த விடுதியில் அறை போட்டுவிட்டேன்.

தாஷி பற்றிய அந்தக் கேள்வி வெள்ளிக்கிழமையை நினைவூட்டியது. வெள்ளியன்று நான் சைவம். வெறும் கீரை, கத்தரிக்காய் என்று தெரிவதிலும் அங்கே அந்த மீன்சாறு இருக்கும். எனவே ஹக்கோனேவை வாரத்தின் நடுவில் வைத்து, வெள்ளிக்கிழமை கியோத்தோவில் இருக்கும்படி திருப்பினேன். பௌத்த மடங்களின் ஷோஜின் உணவில் மீன்சாறுக்குப் பதில் கடற்பாசியும் காளானும்தான். கியோத்தோவின் அரஷியாமா பகுதியில் உள்ள தென்ரியூ-ஜி கோயில் வளாகத்திலேயே அதை மதியம் பரிமாறுகிறார்கள்.

ரயிலுக்கு எல்லாரும் சொல்வது ஜப்பான் ரயில் பாஸ். 2023 அக்டோபரில் அதன் ஏழு நாள் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. தோக்கியோ, கியோத்தோ மட்டும் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. தனி டிக்கெட்டே போதும். மிச்சமான காசில் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலின் உயர்வகுப்பான கிரீன் பெட்டியில் இடம் எடுத்தோம். கியோத்தோ போகும் திசையில் அந்தப் பெட்டியில் 'டி' இருக்கை கேட்டு வாங்குங்கள். ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் வரும். பெரிய பெட்டிகளைத் தோக்கியோ விடுதியிலிருந்து நேரே கியோத்தோ விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஹக்கோனேவுக்குக் கைப்பையோடு போனோம். இந்தச் சேவையை பெரும்பாலான விடுதிகளின் முகப்பில் கேட்டால் செய்து தருகிறார்கள்.

மூட்டை கட்டும்போது இரண்டு எச்சரிக்கை. இறைச்சி கலந்த எதுவும் ஜப்பானுக்குள் போகாது. ரெண்டாங் டப்பாவை விட்டுவிட்டு நெத்திலிச் சம்பால் மட்டும் எடுத்துக்கொண்டேன். மூக்கடைப்புக்கு நாம் வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அங்கே தடை. வழக்கமான மருந்துகள் ஒரு மாத அளவுக்குள் இருந்தால் சிக்கல் இல்லை.

விடுதியில் தந்த பருத்தி அங்கியை, யுக்காத்தா, எனக்கு உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெண்கள் சட்டைக்கு வலப்பக்கம் மேலே வரும்படி தைத்தே பழகிய கை இது. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் இடப்பக்கம்தான் மேலே. மாற்றிக் கட்டுவது சடலத்துக்கு மட்டும். இதை முன்பே படித்திருந்ததால் வீட்டுக்காரரைச் சரியாகக் கட்ட வைத்தேன்.

இரவு உணவு ஆறு மணிக்கு. பச்சை மீனுக்குப் பதில் யூபா வந்தது: சோயாப்பால் காயும்போது மேலே படியும் ஏட்டை மடித்து, துளி இஞ்சி வைத்திருந்தார்கள். வாக்யூ வரவேண்டிய சுற்றில் கின்மெதாய் என்னும் சிவப்பு நிற மீன், சோயாச் சாற்றில் வேகவைத்தது. வீட்டுக்காரரோ ஒவ்வொரு கிண்ணம் வரும்போதும் சோறு எங்கே என்று என்னைப் பார்த்தார். கைசேகியில் சோறு கடைசியில்தான் வரும். வந்ததும் சம்பால் போத்தலைத் திறந்துவிட்டார். பரிமாறிய அம்மையார் சிரித்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் சோறு கொண்டுவந்தார். அங்கே டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை, நன்றி சொன்னோம்.

ஹக்கோனேவில் இவ்வளவு செலவழித்ததை ஈடுகட்ட, தோக்கியோவிலும் கியோத்தோவிலும் நிலையத்தை ஒட்டிய சாதாரண ஹோட்டல்களில் தங்கினோம். பகலெல்லாம் வெளியே சுற்றுகிறவர்களுக்கு அது தாராளம். இப்போது பக்கத்துக் கடை அக்கா தம் மகளுக்கும் மருமகனுக்கும் விவரம் கேட்கிறார். முகவரிகளுக்கு முன்னால் அந்தக் கேள்விப் பட்டியலைத்தான் அனுப்பி வைத்தேன். அவர்கள் சுத்த சைவம். தாஷி கேள்வியைத் தாண்டவே இன்னும் சில நாள் ஆகும் போலிருக்கிறது.